தரைக்குக் கீழே நீங்கள் கட்டிய அறை

நேற்று மருமகளோடு மன்னார்குடியில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் கடைப்பெண் மல்லிகை வாசனை ஸ்பிரேயைப் புஸ்ஸென்று அடித்தாள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. புடவையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வாசலில் வந்து நின்றேன். மருமகள் பயந்துபோய்ச் சோடா வாங்கிக் கொடுத்தாள். அவளிடம் என்னவென்று சொல்வேன்? நம் வீட்டுக் கீழறையின் நாற்றத்தை அமுக்க நீங்கள் காலையும் மாலையும் அடித்த அதே ஸ்பிரே அது. கடையில் ஈரமும் இல்லை, பூஞ்சையும் இல்லை. இருந்தும் நனைந்த சாக்கு நாற்றம் என் மூக்கில் ஏறிவிட்டது.

குவைத்தில் நீங்கள் எலக்ட்ரிக் வேலை பார்த்த முதலாளி வீட்டில் தரைக்குக் கீழே ஒரு அறை இருந்ததாம். ஏசி, பெரிய சோபா, சுவர் முழுக்கப் படம். அந்த அறைக்கு எல்லா விளக்கும் போட்டது நீங்கள். ஒரு நாளும் அந்தச் சோபாவில் உங்களை உட்காரச் சொன்னதில்லை. அதை நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். அதனால்தான் வலங்கைமானில் வீடு கட்டும்போது, "நமக்கும் கீழ ஒண்ணு போட்டுடுவோம்" என்று நீங்கள் சொன்னதும் சரி என்றேன்.

மேட்டூர் அணையை மூடி, குடமுருட்டி ஆற்றில் வெறும் மணல் தெரிகிற சித்திரையில்தான் நம் ஊரில் எல்லோரும் வீட்டு வேலை தொடங்குவார்கள். வயலில் வேலை இருக்காது, ஆள் கிடைக்கும். நீங்களும் அப்போதுதான் பள்ளம் தோண்டினீர்கள். உள்ளே இறங்கி நின்று, "பாத்தியா, சுக்காக் காஞ்சு கெடக்கு" என்று என்னிடம் பெருமையாகக் காட்டினீர்கள். "பவுடர் கலந்து பூசிடுறேண்ணே, ஒரு சொட்டு வராது" என்றார் கொத்தனார்.

ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. ஆடியில் நம் வீட்டைச் சுற்றி எல்லா வயலிலும் தண்ணீர் நின்றது. கீழறைச் சுவர் வியர்க்க ஆரம்பித்தது. மூலை மூலையாக மரவட்டை. நீங்கள் என்ன செய்தீர்கள்? தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்க்கவில்லை. சுவரை மறைத்துப் பிளாஸ்டிக் பலகை அடித்தீர்கள், அதன்மேல் பனிமலைப் படம் ஒட்டினீர்கள், தரைக்குக் கார்ப்பெட் விரித்துப் பெரிய சோபாவும் வாங்கிப் போட்டீர்கள். நாறுகிறது என்றால், "ஈரம் இல்லடி, குளிர்ச்சி" என்பீர்கள். வந்த விருந்தாளிகளையெல்லாம் கீழே இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவீர்கள். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே, "அருமையா இருக்குண்ணே" என்பார்கள். பின்னால் நிற்கிற எனக்கு மானம் போகும்.

பிறகு இருமல் வந்தது. தஞ்சாவூர் டாக்டர் கேட்டார், "வீட்ல ஈரச் சுவர், பூஞ்சை எதாச்சும் இருக்கா?" நான், "கீழ ஒரு ரூம்..." என்று ஆரம்பித்தேன். நீங்கள் என் கையை அழுத்தி, "புது வீடு டாக்டர், எல்லாம் டைல்ஸ்" என்றீர்கள். அந்தப் பொய் எதற்காக? யாரிடம் மானத்தைக் காப்பாற்றினீர்கள்? மூச்சு முட்டுகிறபோதும் சாப்பாட்டுத் தட்டைக் கீழேதான் கொண்டுவரச் சொன்னீர்கள். இதை நினைத்தால் இன்றும் உங்கள் மேல் ஆத்திரம் வருகிறது.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு, இந்தப் பங்குனியில் நம் பிள்ளை பிரபு குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட்டான். கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். கீழறையில் கெமிக்கல் அடித்து, புதுப் பலகை போட்டு, ஆபீசாக்கப் போகிறேன் என்றான். யாழினிக்கும் அங்கேயே படிக்கிற மேஜை. உங்கள் பேத்திக்கு ஏற்கெனவே வீசிங், தெரியுமில்லையா? மழை மேகம் கறுத்தாலே அவள் நெஞ்சு விசில் அடிக்கும்.

"ஆடி வரைக்கும் பொறுத்துக்கடா" என்றேன்.

"இப்ப நல்லா காஞ்சிருக்கும்மா, இப்ப பண்ணாத்தான் உண்டு. அப்பா ஆசையா கட்டுனது, அப்படியே விட்டுடச் சொல்றியா?"

பள்ளத்துக்குள் நின்று நீங்கள் பேசிய அதே பேச்சு. அறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். என்னோடு சரியாகப் பேசாமலே இருந்தான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆடி பிறந்து, நடவு முடிந்து, தவளைச் சத்தம் கேட்ட பிறகு சாவியைக் கொடுத்தேன். பனிமலைப் பலகையில் ஒன்றை அவனே நெம்பி எடுத்தான். அதன் பின்னால் சுவரே இல்லை, சளிதான். கறுப்பாக, பிசுபிசுவென்று, பலகையோடு ஒட்டி நூல் நூலாக இழுபட்டது. நத்தைகள் கொத்தாகப் பிடித்திருந்தன. சோபாவில் நீங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை முளைத்திருந்தது. பிரபு படியேறி ஓடிக் கொல்லையில் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "அப்பா இதுக்குள்ளயாம்மா இருந்தாரு?" என்றான்.

"ஆமாடா. சவுடு மண்ணுக்குச் சொல்லு, ரொப்பி மூடிடலாம்" என்றேன். உடனே போனை எடுத்தான்.

லாரியில் மண் வந்தது. அந்தச் சோபாவைத் தொட எந்த ஆளும் சம்மதிக்கவில்லை. கிடக்கட்டும், அதோடு சேர்த்தே மூடுங்கள் என்றேன். உங்களை இடுகாட்டுக்குத் தூக்கிப்போன அன்று, பொம்பளைகள் வரக்கூடாது என்று தெருமுனையிலேயே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊர் ஆண்கள் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். எனக்கு அது கிடைக்கவில்லை. அதனால் இங்கே முதல் கூடையை நான்தான் வாங்கினேன். "நீங்க எதுக்கும்மா, நகருங்க" என்றார் ஆள். நான் நகரவில்லை. நேராக இறங்கிப்போய், நீங்கள் உட்காரும் இடத்தில் கொட்டினேன்.

அருவருப்பு இன்னும் போகவில்லை. படி இருந்த இடத்தைத் தாண்டும்போது என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். ஆனால் சாயங்காலம் காபி ஆற்றிக் கையில் எடுத்தால், கால் அங்கேதான் போய் நிற்கிறது. குனிந்து, "ஏங்க" என்கிறேன்.