அடையாற்றங்கரை மைதானத்துப் பெண்கள்

18 ஏப்ரல் 1974, வியாழன்

இன்று எனக்கு வாய்மொழித் தேர்வு. தேறினால் பொழுதுபோக்கு நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம். ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயத்தைத் தேர்வாளர் புகழ்ந்தார். அடையாற்றங்கரை மைதானத்துக்கு நிறையப் பெண்கள் விளையாட வருகிறார்கள் என்று அதில் எழுதியிருந்தேன்.

"இந்தப் பொண்ணுங்க என்னம்மா விளையாடுறாங்க?" என்று கேட்டார்.

பெண்களின் எண்ணிக்கையைச் சரிபார்க்க மைதானத்துக்குக் கடைசியாகப் போன நாளில்தான், குடத்தோடு நின்ற ஒரு பெண் சிரித்தபடி சொன்னாள்: "ஆட எங்கக்கா நேரம் கீது? பைப்பு இங்கதான் கீது. தண்ணி புடிக்க வர்றோம்." அதற்குள் அத்தியாயம் டைப் ஆகிவிட்டிருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

வளையப்பந்து விளையாடுகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆய்வுக்கு வழிகாட்டிய என் பேராசிரியை அதைத்தான் எதிர்பார்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விளையாடலை சார். தண்ணி பிடிக்க வந்தவங்க. தெரிஞ்சும் மாத்தாம விட்டுட்டேன்."

பேராசிரியை தலையைக் குனிந்துகொண்டார். தேர்வாளர் ஆய்வேட்டை மூடினார். பிறகு, "அவங்க ஏன் விளையாடலைன்னு எழுதிட்டு வாங்க. ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது, அப்பா எனக்காகவே கடையிலிருந்து சீக்கிரம் வந்திருந்தார். பட்டம் முடிந்ததும் கல்யாணம் என்று மாப்பிள்ளை வீட்டில் பேசி வைத்திருக்கிறார்.

"முடிஞ்சுதாம்மா?"

"இல்லப்பா."

முழுவதையும் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டு, மறுபடி கழற்றி, மறுபடி போட்டார்.

"ஆறு மாசம்னா ஐப்பசி ஆயிடும். நான் பேசிக்கிறேன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்களா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.