முறத்தில் ஓடிய பாவு

ஜூன் 4, 1968
அம்சாவுக்குப் பல் முளைக்கிறது. கண்டதெல்லாம் வாய்க்குள். கணக்கில் பட்டம் வாங்கியவள், நாளெல்லாம் குழந்தை வாயில் விரல் விட்டுத் தோண்டுகிறேன்.
முதலாளி நமச்சிவாயம் பட்டை பட்டையாக நெய்யக் கல்யாணப் புடவைக்குப் பட்டு கொடுத்திருக்கிறார். அரக்கு பன்னிரண்டு பட்டைக்கு, பச்சை நாலுக்கு, மஞ்சள் மூன்றுக்கு. ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. ஒரே நிறம் மூன்று பட்டை சேரவும் கூடாது. கொசுவத்தில் அப்பினாற்போலத் தெரியுமாம். அப்படி வராவிட்டால் வேலை வேறு தறிக்குப் போய்விடும். "அப்படின்னா நான் பெங்களூர் மில்லுக்குப் போறேன்" என்கிறார் இவர். தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியாயிற்று. கைக்குழந்தையோடு நான்?

ஜூன் 5
இவருடைய அண்ணன் காசிநாதன் வழிகாட்ட வந்தார். தறியின் நீள நூலான பாவை ஓட்டுமுன் நூல் சிட்டங்களைத் தரையில் அடுக்கினார். "மஞ்சள்ல ஆரம்பிச்சாதான் மங்களம். அப்புறம் பச்சை, அரக்கு. மறுபடி மஞ்சள். அழகா போயிக்கினே இருக்கும்பா."
போயிற்று, அழகாக. மஞ்சளும் பச்சையும் தீர்ந்து, அரக்கு மட்டும் கும்பலாகக் குந்தியிருந்தது. மகான் வெற்றிலை மென்றார். பிரிக்கிற நிறத்தை முதலிலேயே வாரி இறைத்தால் அரக்கை எதை வைத்துப் பிரிப்பது? சொன்னேன்.
"ஏம்மா பி.எஸ்சி., காலேஜ்ல பாவு போடவும் சொல்லிக்குடுத்தாங்களா?"

ஜூன் 6
பெட்டிக்குள் இரண்டு வேட்டி ஏறிவிட்டது.

ஜூன் 7
முறத்தில் அடுக்கிப் பார்த்தேன்: காராமணி அரக்கு, பயறு பச்சை, கடலைப்பருப்பு மஞ்சள். எது அதிகம் மிச்சமோ அதை எடு. அது இரண்டு சேர்ந்துவிட்டால், அடுத்து அதிகமானதில் ஒன்று. அவ்வளவுதான். இதற்கு ஜாதகம் பார்க்க வேண்டாம். அரக்கு இரண்டு, பச்சை. அரக்கு இரண்டு, பச்சை. அரக்கு இரண்டு, மஞ்சள்—
ஒரு காராமணி காணோம். ஐயோ அம்சா! வாயைப் பிளந்து, தலைகீழாகப் பிடித்து, அவளும் அழ நானும் அழ... பாவிப் பொண்ணு, தொடை மடிப்புல ஒட்டிக்கினு இருக்குது!
மறுபடி வைத்தேன். எதுவும் மிஞ்சவில்லை.

ஜூன் 8
இவர் முறத்தில் விரல் வைத்துப் பட்டைகளை எண்ணிப் பார்த்தார். பெரியவர் காசிநாதனுக்கு மட்டும் குறை: "அரக்குல ஆரம்பிக்குதே, அபசகுனம்." கடைசியில் இருந்தது மஞ்சள். முறத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். எந்தப் பக்கம் நின்று பார்ப்பதென்றும் காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள் மாமா— வாய் வரைக்கும் வந்தது.

ஜூலை 2
முதலாளியிடமிருந்து அடுத்த பாவுக்கும் பட்டு வந்துவிட்டது. பெரியவர் தெருவெல்லாம் "முறத்துல வச்சுப் பாக்குறது எங்க குடும்பத்து வழக்கம்" என்று அளக்கிறார். இன்று வாசலில் வந்து செருமினார்: "முறம் சும்மாதானே இருக்குது?" அவர் தறியில் நீலம் மிஞ்சிவிட்டதாம்.
காராமணியைத் தேடினேன். இவர்தான் தகரப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அம்சா கைக்கு எட்டக்கூடாதென்று, வேட்டிகளை வெளியே எடுத்துவிட்டுப் பயறையெல்லாம் அதில் போட்டுவைத்தவரும் இவர்தான்.