ஆள் நின்றால் வளரும் கோதுமை

இன்று சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்து உன் கம்ப்யூட்டரைப் போட்டேன். விசிறி சுற்ற ஆரம்பித்ததும் சூடான தூசி வாசனை வந்தது. என் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்த அன்றே திறந்து துடைத்தேன். ஆனாலும் உன் ஜனக்புரி வீட்டுத் தூசி உள்ளே எங்கோ மிச்சம் இருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு, திரை வெளிச்சமாகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கடிதத்தை உன்னால் படிக்க முடியாது. நீ போய்விட்டதால் சொல்லவில்லை. இருந்தபோதும் உனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. டில்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளை நீ. நாம் அடித்த அரட்டையெல்லாம் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். "வீட்ல பேசுவேன் யார், படிக்கத்தான் வராது" என்று இந்தி 'யார்' கலந்து சொல்வாய். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

டில்லித் தமிழர்களின் டெக் குழுவில்தான் முதலில் உன்னைத் தெரியும். என் போன் தானாக டார்ச்சைப் போட்டுக்கொள்கிறது, ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகள் முகத்தில் அடிக்கிறது என்று புலம்பியிருந்தேன். ஆளுக்கொரு ஆப் சொன்னார்கள். நீ மட்டும் "கவரைக் கழட்டுங்க சிஸ்டர், பட்டன் அமுங்குது" என்றாய். நீ சொன்னது சரியாக இருந்தது, அதனால் எரிச்சலாகவும் இருந்தது. அதன் பிறகு தினம் பேச்சுதான். எந்த அப்டேட் எதைக் கெடுத்தது, உன் ஆபீஸ் பிரிண்டர் ஏன் திட்டினால் மட்டும் வேலை செய்கிறது, இப்படியே போகும். கரோல் பாகில் பேட்டரி வாங்கப் போனபோது ஒரே ஒருமுறை நேரில் பார்த்தோம். இருவருக்கும் பேச்சே வரவில்லை. திரும்பும் மெட்ரோவில் ஏறியதும் மறுபடி தட்ட ஆரம்பித்தோம்.

அப்புறம் நம் கம்ப்யூட்டர் விளையாட்டு. கட்டம் கட்டமாக மண், மரம், ஆடு. நாம் கட்டிய கோணல் வீடு. வாசலில் கோதுமை வயல். அந்த உலகம் முழுக்க உன் கம்ப்யூட்டரில் இருந்தது. கரண்ட் போய் வந்தாலும் அது தானே எழுந்துகொள்ளும்படி செய்து வைத்திருந்தாய். நான் இங்கிருந்து என் லேப்டாப் வழியாக உள்ளே வருவேன். கோதுமை ஏன் வளரவே இல்லை என்று ஒருநாள் கேட்டேன். "பக்கத்துல ஆள் நின்னாதான் வளரும் சிஸ்டர். யாரும் இல்லேன்னா அங்க டைமே ஓடாது. அச்சா ஊரு, நல்ல ஊரு இல்ல?" என்று தட்டினாய்.

துவாரகா பக்கம் ஒரு டெம்போ உன் பைக்கை இடித்து நீ போய்விட்டதைக் குழுவில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். உன் வீட்டுக்கு நான் போகவில்லை. யார் என்று சொல்லிக்கொண்டு போவது?

சில வாரம் கழித்து மனசு கேட்காமல் நம் உலகத்துக்குள் போனேன். நீயும் நானும் கடைசியாக விதைத்தது முளையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் வயல் முழுக்க மஞ்சளாக விளைந்திருந்தது. ஏதோ பக் என்று சொல்லிக்கொண்டு, அறுத்து மறுபடி விதைத்தேன். அடுத்த வாரம் அதுவும் விளைந்திருந்தது. அதற்கடுத்த முறை போனபோது வயலோரம் நீ நின்றுகொண்டிருந்தாய். பச்சைச் சட்டை, தலைக்கு மேல் உன் பெயர். தரையைப் பார்த்தபடி அசையாமல் நின்றாய். "யாரு?" என்று தட்டினேன். பிணங்களைத் துடைத்துக் கட்டிய கை இது. அன்று லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டது.

மறுநாள் உன் நம்பருக்கே அடித்தேன். "ஹலோ" என்ற குரல் கொஞ்சம் வயதான உன் குரல்தான். உன் அப்பா. பேங்கிலிருந்து ரிடையர் ஆனவர் என்று சொல்லியிருக்கிறாய். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"நான்தாம்மா தெனம் அவன் கம்ப்யூட்டர்ல அந்த வெளையாட்டுப் படத்தைத் தட்டிட்டு ஒக்காந்திருப்பேன். வேற எதையும் தொடமாட்டேன். அவன் பச்சைச் சட்டையோட எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிப்பான். நான் பேப்பர் படிப்பேன்" என்றார். அப்புறம், "வெள்ளைச் சட்டையில ஒண்ணு எதிர்ல வந்து நிக்குமே, அது நீயா? நான் பயந்துட்டேம்மா. மானிட்டர ஆஃப் பண்ணிட்டு விபூதி பூசிக்கிட்டேன்" என்றார். இருவருமே சிரித்துவிட்டோம். சிரித்து முடித்து அவர் மெதுவாகச் சொன்னார்: "சில நாள் அவன் திரும்பிப் பாப்பான்மா." பெற்ற மனசு, அப்படித்தான் தோன்றும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அவர் வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூருக்கு, உன் அக்கா வீட்டுக்குப் போனார். உன் கம்ப்யூட்டரை என்னிடம் கொடுத்தார். "அங்க இதையெல்லாம் மாட்டிப் போட எனக்குத் தெரியாது. நீ தெனம் கொஞ்ச நேரம் அவன நிக்க வைம்மா. நாம பாக்காட்டி அவனுக்குப் பொழுதே நகராது" என்றார். சரி என்று வாங்கிக்கொண்டேன். ஆனால் உன் பெயரைத் தட்டி, உன் உடம்புக்குள் நான் போய் நிற்க வேண்டுமே என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் விடாமல் போன் செய்தார். இன்றுதான் தட்டினேன்.

வயல் வந்தது, வீடு வந்தது, ஆடு வந்தது. நீ வரவில்லை. வரவும் முடியாது. அந்த விளையாட்டில் நாம் நம் கண்ணால்தான் பார்க்கிறோம். நம் உருவம் நமக்குத் தெரியாது. திரை ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரியும். தினம் விளையாடிய எனக்கு, அவர் சொன்னபோது இது உறைக்கவே இல்லை. நம்மைப் பின்னாலிருந்து பார்க்கக் கீபோர்டின் மேல் வரிசையில் ஒரு பட்டன் உண்டு, அழுத்தினேன். டீ கொட்டியதில் மேல் வரிசை பட்டன்கள் எல்லாம் செத்துப்போச்சு என்று நீதானே புலம்புவாய். ஒன்றும் ஆகவில்லை. உன் அப்பாவுக்கும் அது வேலை செய்திருக்காது. அப்படியென்றால் பச்சைச் சட்டையும் முதுகுமாக உன் அப்பா இந்தத் திரையில் தினம் பார்த்தது யாரை?

எனக்குப் பயமாக இருக்கிறது. அதை உன்னிடம் சொல்ல வெட்கமில்லை. திரையில் நீ தெரியவே மாட்டாய் என்ற உண்மையைச் சொன்னால் அவரிடமிருந்து உன்னை இரண்டாவது முறை பிடுங்கியது போலாகும். சொல்லாவிட்டால் தினமும் இந்தத் திரைக்கு முன்னால் நான் தனியாக உட்கார வேண்டும். அணைத்துவிடலாம் என்று கையை நீட்டியபோது போன் அடித்தது.

"இன்னிக்கு நின்னானாம்மா?"

"நின்னாரு அங்கிள்."

"திரும்பிப் பாத்தானா?"

திரையைப் பார்த்தேன். வயலில் காற்றுகூட இல்லை.

"இன்னும் இல்ல அங்கிள்" என்றேன்.