கதவைத் தட்டாதவள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னை நான் பார்த்ததே இல்லை. நீ இறந்த மறு வருடம் உன் கணவருக்கு இரண்டாந்தாரமாகத் தாமுவேயில் இருக்கும் வீட்டுக்கு வந்தேன். வந்த அன்றே உன் படத்துக்கு முன்னால் புதுப்புடவை வைத்துக் கும்பிட்டு, பிறகு அதையே எனக்குக் கட்டிவிட்டார்கள். மூத்தவள்தான் இந்த வீட்டுக்குக் காவல் என்றார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

உன் மகள் செல்வியை அவர் பெல்ட்டால் அடிப்பார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அடிப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் படத்துக்கு விளக்கேற்றி, "அக்கா, நீயே பாத்துக்கோ" என்று கும்பிட்டு நின்றேன். பெற்றவன் கண்டிக்கிறான், மாற்றாந்தாய் குறுக்கே போனால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்கு நானே சமாதானம் வேறு. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது அக்கா.

போன மாதம் அவர் அடித்ததில் அவள் வலது கை முறிந்தது. பிள்ளைக்குப் பொறுப்பு யார் என்று டாக்டரம்மா கேட்டார். நான் சின்னம்மாதான், அவள் அப்பாவைக் கேளுங்கள் என்றேன். பெற்றவளா என்று சட்டம் கேட்காது, வைத்து வளர்க்கிறவர்தான் காக்க வேண்டும், தெரிந்தும் சும்மா இருந்தால் அவரும் பதில் சொல்ல வேண்டும் என்றார் டாக்டரம்மா. முகத்தில் அறைந்தது போலிருந்தது என்று எழுதக் கை வரவில்லை. அறை வாங்கியவள் நான் இல்லையே.

டாக்ஸியில் திரும்பும்போது, உன்னிடம் வேண்டிக்கொண்டதையெல்லாம் செல்வியிடம் சொன்னேன். என்னிடம் எப்போதும் பர்மிய மொழியிலேயே பேசுகிறவள், அன்று தமிழில் சொன்னாள்.

"அம்மா செத்துப் போயிட்டாங்க சின்னம்மா. நீங்கதானே இருந்தீங்க."

வண்டியைத் தின்கன்ஜூனுக்குத் திருப்பச் சொன்னேன். அங்கே என் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறோம். இடது கையில் கரண்டி பிடித்து, மீன்குழம்பு ஊற்றிய மோஹிங்கா சாப்பிடப் பழகிவிட்டாள். எங்காவது நாற்காலி விழுந்தால்கூட மூலைக்குப் போய் ஒடுங்கிக்கொள்கிறாள். என் முகத்தை அதிகம் பார்ப்பதில்லை. அவளைக் குறை சொல்ல முடியுமா?

அவர்மேல் நடக்கும் வழக்கில் நாளை கோர்ட்டில் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அவர் அடித்ததை மட்டுமல்ல, நான் விளக்கேற்றி நின்றதையும். என்மேலும் வழக்கு வரலாம், பிள்ளையை என்னிடம் விடாமலும் போகலாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்டதை நான் சொல்லாவிட்டால் அவளைத் திரும்ப அவரிடமே அனுப்பிவிடுவார்கள்.

உன் படம் தாமுவே வீட்டிலேயே இருக்கிறது. விளக்கேற்ற ஆளில்லை, கோபித்துக்கொள்ளாதே. உன் மகளை எங்கே வைத்தாலும் அந்த வாசலில் நான் இருப்பேன். காவலுக்கு இனி உன்னைக் கூப்பிட மாட்டேன்.

செல்வியின் சின்னம்மா,
உன் தங்கை
காமாட்சி