தீவுச் சபையில் உனக்கொரு கதிரை

சிவமயம்

மல்கிரேவ், மெல்பேண்
7-11-79

அன்பு மகன் சிறிதரனுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் இருக்கிற சுகத்தோடு இருக்கிறோம். அங்கே நீயும் மருமகள் தூரிட்டும் சின்னவள் வைதேகியும் அந்தக் குளிருக்குள்ளும் நோய்நொடி அணுகாமல் இருக்க அம்மாளை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. உடனே பதில் போடாததற்குக் காரணம் கோபம் என்று நினைக்காதே, பாதி களைப்பு, மீதியைப் பிறகு சொல்கிறேன். அக்கா ரஞ்சினிக்கு ஆஸ்பத்திரி வேலை, தேவராஜா அத்தான் விடிய முன்னமே காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார், சமையலும் உடுப்புத் தோய்ப்பும் அப்பாவைக் குளிக்க வார்ப்பதும் என் பொறுப்பில்தான். நேற்று இந்த ஊர் முழுவதும் ஒரு குதிரைப் பந்தயத்துக்காக வேலைக்குப் போகாமல் ரிவிக்கு முன்னால் இருந்தது, எனக்கு அன்றைக்கும் குசினிதான். அப்பாவின் இடது கை இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. கோப்பையைப் பிடிக்கிறார், சரிக்கிறார், பிறகு என்னோடு கோபிக்கிறார். கிழமைக்கு இரண்டு தரம் உடற்பயிற்சிக்காகக் கூட்டிப் போகிறேன். பஸ்ஸில் ஏற்றி இறக்குவதற்குள் என் இடுப்பு விட்டுப்போகிறது. வயது போனால் இப்படித்தான் என்று இருந்துவிட வேண்டியதுதான்.

நீ எழுதியதை அப்பாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். உனக்குத் தெரியும், முப்பது வருஷம் பெண்பிள்ளைகளுக்குப் பூமிசாஸ்திரம் படிப்பித்தவள் நான். நோர்வேக் கரையோரக் கடல் மாரிக் குளிரிலும் உறையாததற்குக் காரணம் தருக என்று எத்தனை வினாத்தாளில் கேட்டிருப்பேன். விடைக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருந்த காலத்தில், என் பிள்ளை அந்த உறையாத கடலின் மீனைத் தரம் பிரித்துச் சீவிப்பான் என்று யார் கண்டது. அத்தானின் பெரிய அற்லசில் தேடினேன், உன் ஸ்கார்வோய்த் தீவு ஒரு புள்ளியாகக்கூட இல்லை. அதனால் உன் கடிதங்களைக் கொண்டு நானே ஒரு படம் கீறி வைத்திருக்கிறேன். மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது, கிழக்கே ஒடுக்கமான தட்டை நிலம், சனமெல்லாம் அதில்தான், மீன் தொழிற்சாலை, மரக் கோயில், பள்ளிக்கூடம், டொக்டர் வீடு. அப்பால் ஆட்கள் இருக்கிற மூன்று சின்னத் தீவுகள், கடைசித் தீவு லில்வேர். முந்தி ஒரே ஒரு வியாபாரிதான் துறைமுகம், கிட்டங்கி எல்லாவற்றுக்கும் சொந்தக்காரன், சனம் காய்ந்த மீனை அவனிடம் கொடுத்து அவன் அளந்த மாவை வாங்கிப் போகும் என்று நீ ஒருமுறை எழுதினாய். பிறகுதான் அவர்களுக்கென்று ஒரு சபை வந்தது. சண்டைக் காலத்தில் ஜேர்மன்காரன் மலையில் பீரங்கி வைத்தான், அந்தச் சீமெந்துக் குழிகளில் இப்போது வைதேகி ஒளித்து விளையாடுகிறாள். லில்வேர்க்காரருக்குத் தனிச் சபை இருந்ததாம், பதினைந்து வருஷத்துக்கு முன் அரசாங்கம் அதைப் பெரிய தீவோடு சேர்த்துவிட, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லையாம். இவ்வளவும் எனக்குப் பாடம். என் சொந்தத் தெருவில் இருக்கிற கவுன்சில் குப்பை எடுப்பதைத் தவிர வேறு என்ன செய்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். சபைத் தேர்தலுக்கு முதல் வேட்பாளர் தேடி வந்தவர்களிடம், பட்டியலை நிரப்பத்தானே, கடைசியில் என் பெயரையும் போடுங்கள் என்று சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். கோயில் திருவிழா நோட்டீசில் மரியாதைக்குப் பெயர் போடுவது போல இதையும் நினைத்துவிட்டாய். எங்கள் ஆட்கள்தான் இந்தப் பிழையை விடுவார்கள். அங்கே வாக்குப் போடுகிறவர்கள் பட்டியலில் தங்களுக்குப் பிடித்த பெயருக்கு நேரே அடையாளம் போடலாம் என்று உனக்குத் தெரியாமல் போச்சு. தொழிற்சாலைப் பெண்களும் லில்வேர்ச் சனமும் உன் பெயருக்குப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். பதினேழு பேர் இருக்கிற சபையில் கடைசிப் பெயர்க்காரன் உள்ளே போய்விட்டான். தெரிவானவர் மறுக்க முடியாது, அது அந்த நாட்டுச் சட்டம், நாலு வருஷம் இருந்தே ஆக வேண்டும், ஆகையால் சித்திரையில் வீசாக் காலம் முடிய முன் மெல்பேணுக்குக் குடிவர முடியாமல் இருக்கிறது, என்ன செய்வது அம்மா என்று முடித்திருந்தாய்.

 அப்பாவுக்கு அது பெரிய பெருமையாகிவிட்டது. மாதக் கடைசியில் எங்கள் வீட்டுப் பிரார்த்தனைக்கு வருகிற ஆட்களிடமெல்லாம், "என்ரை மோனை அந்த நாட்டுச் சட்டம் விடுகுதில்லை, அவன் இல்லாமல் சபை நடவாதாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நோய் வந்த பிறகு அவர் இப்படி நிமிர்ந்து இருந்து கதைத்ததை நான் காணவில்லை. ரஞ்சினிதான் ஒரு மாதிரி. "அவன் வரமாட்டான் அம்மா, நீங்கள் சும்மா அவனுக்கெண்டு அந்தப் பின்னறையைக் கூட்டிக்கொண்டிருக்கிறியள்" என்று சொன்னாள். அவளோடு இரண்டு நாள் நான் கதைக்கவில்லை.

போன வெள்ளி, அப்பாவின் பயிற்சி முடியும்வரை வெளியே இருந்தேன். அங்கே மிசிஸ் ஹன்சன் என்று ஒரு மனுசி, இடுப்பு எலும்பு முறிந்த புருசனைக் கூட்டி வருகிறவ. அவவும் நோர்வே, அதுவும் உன் தீவைப் போல ஒரு தீவுதான், தமையன் அங்கே சபையில் இருந்தவராம். நான் என் மனக்குறையைச் சொன்னேன், உங்கள் நாட்டுச் சட்டம் என் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிறது என்று. பாவம், எனக்கு ஆறுதல் சொல்லத்தான் நினைத்தா. அப்படி ஒருவரையும் கட்டி வைப்பதில்லை, அந்த ஊரை விட்டு வேறிடம் குடிபோனால் பதவியும் அதோடு முடிந்துவிடும், அடுத்த பெயர்க்காரர் வந்து அந்தக் கதிரையில் இருப்பார், உங்கள் மகன் தாராளமாக வரலாம், கவலைப்பட வேண்டாம் என்று என் கையைப் பிடித்துச் சொன்னா. நானும் சிரித்து நன்றி சொன்னேன். பஸ்ஸில் வரும்போது அப்பா என்ன கேட்டாலும் எனக்குக் காதில் விழவில்லை.

மகன், நீ பொய் சொன்னாய் என்று நான் சொல்லமாட்டேன். மறுக்க முடியாது என்பது உண்மைதான். அங்கேயே இருக்கும்வரை மறுக்க முடியாது. அந்த "இருக்கும்வரை" என்பதை மட்டும் எழுதாமல் விட்டாய். எனக்கு மனம் நொந்துபோனது, அதை மறைக்கவில்லை, குசினியில் நின்று அழுதேன். பிறகு உன் கடிதத்தைத் திரும்ப எடுத்தேன். லில்வேரில் படகைக் கட்டி நிறுத்துகிற துறை உடைந்திருப்பது, பிள்ளைத்தாய்ச்சியைப் படகில் இறக்க முடியாமல் திண்டாடியது, புதுத் துறைக்குச் சபையில் யார் யார் கை தூக்குவார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். வீசாவைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி. முதல் வாசிப்பிலேயே விளங்கியிருக்க வேண்டும், எனக்குத்தான் விளங்க விருப்பமில்லை. உன் மனம் இருக்கிற இடம் அது. அங்கே உன்னை நாலு பேருக்கு வேண்டியிருக்கிறது, இங்கே வந்தால் நீ முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கும் நீ வேண்டும்தான், ஆனால் கட்டி இழுத்துக் கொண்டுவந்து வைத்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு இனித் தெம்பில்லை.

அப்பாவுக்கு நான் இதைச் சொல்லப் போவதில்லை. அவருக்குச் சட்டமாகவே இருக்கட்டும். எனக்கு மட்டும் உண்மையை எழுது, ஒரு வரி போதும், எழுதிவிட்டு அந்த வீசா அலுவலை நிறுத்தச் சொல்லி அத்தானுக்கும் நீயே எழுது. என்னைக்கொண்டு சொல்லுவிக்காதே. சபையில் முதல் கூட்டத்திலேயே கனக்கக் கதைக்காதே. துறையைத் தென்மேற்குக் காற்று அடிக்கிற பக்கத்தில் கட்டிவிட்டு வந்து நிற்காதே, பிறகு என்னிடம் படித்தவன் என்று வெளியே சொல்லவும் ஏலாது. பின்னறையில் அப்பாவின் கட்டிலைப் போட்டுவிட்டோம், அவருக்குக் குளியலறை கிட்ட, இரவில் எழும்பி நடக்கச் சுகம். நீ வந்தால் ஹோலில்தான் படுக்க வேண்டும்.

தூரிட்டுக்கு என் அன்பைச் சொல். வைதேகிக்குப் பின்னிய கம்பளிச் சட்டை கப்பலில் வருகிறது, கை நீளமாக இருந்தால் மடித்துப் போடு, வளருகிற பிள்ளை. அம்மாள் உங்கள் மூவரையும் கடலிலும் கரையிலும் காத்து, குறையில்லாத வாழ்வைத் தரட்டும். ஆடி மாதத்தில் சபைக்கும் தொழிற்சாலைக்கும் லீவு என்று மிசிஸ் ஹன்சன் சொன்னா. அப்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, அப்பா கனநாள் காத்திருக்கிற நிலையில் இல்லை. ரிக்கற் எடுக்கும்போது, மறக்காமல், திரும்பிப் போகிறதுக்கும் சேர்த்தே எடு.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்
அம்மா
நாகலட்சுமி