ரத்த மாத்திரை

பொகவந்தலாவை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி கணேசமூர்த்திக்கு,

அக்கா நாகலெட்சுமி எழுதுவது. கொழும்பில் நீங்கள் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் லயத்து வரிசை வீடுகளின் சுவர் வழியே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். நீங்களும் என்னைப் பேச விடமாட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

உங்கள் மனைவி லோஜினி நேற்று ஆஸ்பத்திரியில் கண் திறந்தாள். தலையில் தையல் போட்டிருக்கிறது. இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. இனி அவளால் மலையேறித் தேயிலைக் கொழுந்து எடுக்க முடியாது என்கிறார்கள்.

நடந்ததை முழுதாகக் கேளுங்கள். இந்த மழையில் அட்டை கடித்து அவளுக்குக் காலெல்லாம் தடித்து, ஒரே அரிப்பு. டிஸ்பென்சரி ஐயா, வேறு மருந்து ஏதும் குடிக்கிறாயா என்று முறையாகத்தான் கேட்டார். ரத்த மாத்திரை மட்டும் என்று சொல்லியிருக்கிறாள். குழந்தை தவறிய பிறகு நுவரெலியாவில் மனதுக்குக் கொடுத்த மாத்திரைக்கு நீங்கள் வைத்த பெயர் அது. பாக்கெட்டை அடுப்பில் போட்டுவிட்டு, மாத்திரையைத் திருநீற்று டப்பாவில் வைக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

அவரும் நம்பி அரிப்பு மாத்திரை கொடுத்தார். படுக்கும்போது இரண்டையும் சேர்த்து விழுங்கியிருக்கிறாள். காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். படுத்துக்கொள் என்றேன். தூக்கம்தான், வேலைக்குப் போகாவிட்டால் மேற்பார்க்கிற கண்டாக்கையா ஏசுவார் என்று கிளம்பிவிட்டாள். மேல் மலையில் கால் தடுமாறிக் தண்ணீர் ஓடுகிற கல்லுக் கானுக்குள் விழுந்தாள். தூக்கும்போதும் கூடை முதுகிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் நான்தான் திருநீற்று டப்பாவைக் காட்டி உண்மையைச் சொன்னேன். இரண்டுமே தூக்கம் தருகிற மருந்து, சொல்லாமல் சேர்த்துக் குடித்ததுதான் ஆளைச் சாய்த்துவிட்டது என்றார் பெரிய டாக்டர். மனதுக்கான மருந்தைச் சட்டென்று நிறுத்தவும் கூடாதாம்.

டாக்டரிடம் ஏன் சொன்னாய், மானம் போய்விட்டதே என்று போனில் கத்தினீர்கள். ஆமாம், லயத்துக்கே தெரியும். சிலர் பைத்தியம் என்கிறார்கள். அவர்களில் இருவர்தான் கஞ்சியும் கொண்டுவருகிறார்கள். எனக்கு உங்கள் மீது கோபம் ஆறவில்லை தம்பி, மறைக்க மாட்டேன்.

கண் திறந்ததும் அவள் வலிக்கிறது என்று சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, யாருக்கும் தெரிஞ்சிரலயே? அவரு ஏசுவாருக்கா" என்றாள்.

அடுத்த பஸ்ஸிலேயே புறப்பட்டு வாருங்கள். வார்ட்டில் எல்லாரும் பார்க்க அந்த மாத்திரையை உங்கள் கையாலேயே அவளுக்குக் கொடுங்கள். தண்ணீரும் நீங்களே கொடுங்கள். மாரியம்மன் உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும்.

வழி பார்த்திருக்கும் அக்கா,
நாகலெட்சுமி