ஆணியில் தேங்காய் இல்லை

அன்பு மகள் யமினுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் உன் அறைத் தோழிகளும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டுமென்று புத்தர் முன் விளக்கேற்றிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் உயிரோடு என்று எழுதுகிறேன். மாண்டலே வீட்டுக்கு இனிமேல் எதுவும் அனுப்பாதே, அங்கே நாங்கள் இல்லை. எங்கே இருக்கிறோம் என்று கேட்டுப் போனும் செய்யாதே. இதைக் கருவாட்டு லாரிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன், படித்த கையோடு எரித்துவிடு.

போன மாதம் சித்தப்பா இறந்தது உனக்குத் தெரியும், எப்படி இறந்தார் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆக்சிஜன் நிரப்பும் இடத்தில் அப்பா சிலிண்டரோடு வரிசையில் நின்றார், சிப்பாய்கள் வந்து வரிசையையே அடித்து விரட்டினார்கள், முதுகில் தடியடியும் கையில் காலி சிலிண்டருமாக அவர் திரும்பியபோது சித்தப்பாவின் உதடு நீலமாகிவிட்டது. பிணத்தைத் தொட ஒரு சொந்தக்காரனும் வரவில்லை. நம் தெருவில் பத்து வீட்டுக்கு ஒருவனென்று அரசாங்கம் வைத்திருக்கும் தலைவன் சோ தெய்ன் மட்டும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து கால்மாட்டைப் பிடித்தான், அதை நான் இன்றைக்கும் இல்லையென்று சொல்லமாட்டேன். உன் தம்பி தூரா ராணுவத்தை எதிர்க்கக் காட்டுக்குப் போய்த் துப்பாக்கி தூக்கியது அதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை கிடைக்காவிட்டால் பெற்றவர்களைப் பிடிக்கிறார்கள் அல்லவா, எதிர்வீட்டு அக்காவைக் கொண்டுபோய்ச் சாக்கில் கட்டித் திருப்பிக் கொடுத்தார்கள், லுங்கியை வைத்துத்தான் அது அவள் என்று தெரிந்தது. அவளைப் புதைத்துவிட்டு வந்த அன்றே வீட்டைக் காலி செய்வதென்று முடிவெடுத்தோம்.

வண்டி பிடித்துச் சாமான் ஏற்றியிருந்தால் தெருமுனை தாண்டியிருக்க மாட்டோம். அதனால் காலையில் மொஹிங்கா நூடுல்ஸும் மீன் குழம்பும் விற்கப் போகும்போது கூடையில் கிண்ணங்களுக்கு அடியில் ஒருநாள் துணி, ஒருநாள் உன் பள்ளிக்கூடப் படங்கள், ஒருநாள் அம்மியின் குழவி என்று கொண்டுபோய்ச் சந்தையில் ஒரு தோழியிடம் சேர்த்தேன். உன் அப்பாவுக்கு அப்போதும் கேலி. "உன் மீன் குழம்பு நாத்தத்துக்கு எந்தச் சிப்பாயும் மூடியத் திறக்கமாட்டான்டி, தைரியமாப் போ" என்றார். கட்டில், டிவி, பாத்திர அலமாரி எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே விட்டோம், உள்ளே வந்து பார்ப்பவனுக்கு நாங்கள் சாகும்வரை அங்கேயே இருக்கப்போவதாகத்தான் தோன்ற வேண்டும்.

அதற்குள் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குக் கொரோனாத் தடுப்பூசி என்று அறிவித்தார்கள். தம்பி ஆள் விட்டுச் சொன்னான், "அவனுங்க கையால ஊசி போட்டுக்கிட்டா என் மூஞ்சில முழிக்காதீங்க" என்று. எனக்கு வந்த ஆத்திரத்தில், உங்க அப்பன் நுரையீரலுக்கு எவன் கைன்னு தெரியாதுடா என்று சொல்லி அனுப்பினேன். போகாவிட்டாலும் நம் மேல் சந்தேகம் வரும். ஊசி போட்டுக்கொண்டு அப்படியே படகுத்துறைக்குப் போய்விடலாம் என்பது திட்டம்.

முந்தின நாள் சாயங்காலம் மூலைத் தூணிலிருந்து, வீட்டைக் காக்கிற மகாகிரி தெய்வத்தின் தேங்காயை இறக்கிக் கூடைக்குள் வைத்தேன். "அத விடு, போற எடத்துல புதுசு கட்டிக்கலாம்" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு மனம் கேட்கவில்லை யமின். புத்தாண்டுக்குத் தம்பி தன் கையால் சிவப்புத் துணி சுற்றிக் கட்டிய தேங்காய் அது, அதைக் கட்டிய மறுவாரம்தான் காட்டுக்குப் போனான். அவன் கைபட்டதென்று வீட்டில் வேறென்ன இருந்தது?

மறுநாள் காலையில் ஊசிக்கு அழைத்துப்போக சோ தெய்ன் தானே வந்தான். சுருட்டைப் புகைத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்தான், டிவியைப் பார்த்தான், தூணைப் பார்த்தான். வெறும் ஆணி. "மகாகிரி அய்யா எங்கக்கா?" என்று கேட்டான். காஞ்சு போச்சு, வரும்போது புதுசு வாங்கணும் என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். புதியதை வாங்கி வைக்காமல் பழையதை இறக்குகிற பெண் இந்த நாட்டில் உண்டா? வீட்டைக் காலி செய்கிறவள்தான் இறக்குவாள். "சரிக்கா, வாங்க, நேரமாச்சு" என்று சிரித்தான்.

ஊசி போட்டது உன் வயதுகூட ஆகாத ஒரு நர்ஸ் பெண். எனக்குப் போட்டாள், அப்பாவுக்குப் போட்டாள், சற்று நேரம் உட்காரச் சொன்னாள். அப்பா பஞ்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் சோ தெய்ன் சார்ஜென்டின் காதில் பேசுவதைக் கண்டேன். எழுவதற்குள் வந்துவிட்டார்கள். மகன் எங்கே என்று கேட்டுத் துப்பாக்கிக் கட்டையால் அப்பாவின் முகத்தில் குத்தினான் ஒருவன், கீழே விழுந்தவரை நெஞ்சிலே மிதித்தான் இன்னொருவன். அந்த நர்ஸ் பெண் ஓடிவந்து "ஐயோ அடிக்காதீங்க, இப்பதான் ஊசி போட்டிருக்கு" என்று குறுக்கே விழுந்தாள், அவளையும் அறைந்து தள்ளினார்கள். நான் சிப்பாயிடம் போகவில்லை. நேராக சோ தெய்னிடம் போனேன், கையிலிருந்த குடையைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் அவன் மூக்கில் ஓங்கி அடித்தேன், அது நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது, இன்னும் இரண்டு அடி கொடுத்தேன், குடை முறிந்தது. வரிசையில் நின்ற கிழடுகள் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் கடை ஊ மவுங் ஊசி மேசையைத் தூக்கிக் கவிழ்த்தார், எல்லாரும் கத்திக்கொண்டு பாய்ந்தார்கள். சுட்டார்கள். உனக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்த அந்த மனிதர் கழுத்தில் குண்டு வாங்கி என் காலடியிலேயே விழுந்தார். அந்தக் கலவரத்தில்தான் யாரோ இரண்டு பேர் அப்பாவைப் பின்வாசல் வழியாக இழுத்துப் போட்டார்கள், நான் தேங்காய்க் கூடையை அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன், நாங்கள் தப்பினோம். அப்பாவுக்கு இடது கண் போய்விட்டது, விலா எலும்பும் உடைந்திருக்கிறது. ஊசி போட்ட கையில் வலியே இல்லை என்று சொல்லிச் சிரிக்கிறார், சிரித்தால் இருமல் வருகிறது, இருமினால் துடிக்கிறார்.

போன வாரம் தம்பி ஆட்களோடு வந்தான். அப்பாவைப் பார்த்தான், அழவில்லை, அதுதான் எனக்குப் பயம். "அந்த ஊசி போட்ட சிறுக்கிதானே காட்டிக் கொடுத்தா? ராணுவத்த எதிர்த்து ஆஸ்பத்திரிக்காரங்க பண்ற வேலைநிறுத்தத்துல சேராம அவனுங்களுக்கு ஊழியம் பண்றவதானே? நாளைக்கு அவள முடிச்சிடுறோம்" என்றான். அவ இல்லடா என்று கத்தினேன். "அப்ப யாரு? பேரச் சொல்லும்மா" என்றான். பெயர் என் பல்லுக்குப் பின்னால் நின்றது. சொல்ல ஆசையாக இருந்தது, உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் சித்தப்பாவின் கால்மாட்டைப் பிடித்த கையும் சோ தெய்னுடையதுதான். அதைவிட, ஒருவனைக் கொன்றுவிட்டு வந்து என் மகன் என் கையால் சோறு வாங்கித் தின்பதை நினைக்கவே முடியவில்லை. நீ கட்டின தேங்காய நான்தான் இறக்கினேன், வாசல் திறந்து கிடந்துச்சு, வெறும் ஆணிய ஊரே பார்த்துச்சு, சுடணும்னா என்னைச் சுடு என்றேன். அவன் இடுப்புக் கத்தியை உருவி, இங்கே தூணில் நான் கட்டியிருந்த அந்தத் தேங்காயை ஒரே வீச்சில் இரண்டாக வெட்டினான். நீர் தரையெல்லாம் ஓடியது. கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டான்.

அவன் நம்பவில்லை. உனக்குப் போன் செய்வான், அம்மா பெயர் ஏதாவது சொன்னாளா என்று கேட்பான். தேங்காய்தான் என்று சொல், வேறொன்றும் தெரியாதென்று சொல். கெஞ்சினாலும் திட்டினாலும் அதையே சொல். உன் முதலாளி ஊசிக்குக் கூப்பிட்டால் மறுக்காமல் போ, வெறும் வயிற்றோடு போகாதே. ஆலையில் இறால் உரிக்கும்போது கையுறை போட்டுக்கொள். நீ எங்கே இருந்தாலும் உன்னைத் தீயும் ஆயுதமும் தீண்டாமல் இருக்கட்டும், உன் கைகளில் யார் ரத்தமும் படாமல் இருக்கட்டும்.

தம்பி போன பின் அந்தச் சிவப்புத் துணியைத் தரையிலிருந்து எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். புதுத் தேங்காய் வாங்கியாயிற்று, கட்டவில்லை. அவன் வந்து கட்டட்டும்.

உன் அம்மா,
டாவ் நியோ